இரு

ட்யூலூத்தில் பனி கொட்டினால்
முதல் தொலைபேசி மணி மார்லிஸ் ஹெக்ஸ்டாட் வீட்டில்தான்.
பன்னிரண்டடிக் கத்தியை லாரியின் முகத்தில் மாட்டிக்கொண்டு
ஊர் விழிக்குமுன் ஊருக்கு வழி உண்டாக்குவாள்.
பள்ளிப் பேருந்து, தபால் வண்டி, பிரசவ வலி
எல்லாம் அவள் ஒதுக்கிய தடத்தில்தான் போகும்.

விமானத்தில் அவளுக்கு ஒதுக்கியது
பதினேழு அங்குலம்.

பதினோரு வருடமாகப் பறக்கவில்லை.
கடைசியாகப் போனது டென்வருக்கு.
தோள்களைக் குடைபோல் மடக்கிக்கொண்டு,
பக்கத்துக்காரரின் பெருமூச்சுகளை எண்ணிக்கொண்டு.
வார் நீட்டிப்பை எடுத்துவந்த பணிப்பெண்
ஏரியில் பிடித்த மீனைப்போல் தூக்கிப் பிடித்து
"யாருக்கு இது?" என்றாள் இரண்டு தடவை.
மார்லிஸ் தண்ணீர் குடிக்கவில்லை.
குடித்தால் எழுந்திருக்க வேண்டும்,
அவள் எழுந்தால் வரிசையே எழுந்திருக்க வேண்டும்.
கைப்பிடி இடுப்பில் போட்ட நீலக் கோடு
மறைய ஒன்பது நாளாயிற்று.

அதற்குப் பிறகு எல்லா ஊரும் சாலை வழி.
தங்கையின் முதல் குழந்தையைப் பார்க்க
டூசானுக்கு இருபத்தெட்டு மணி நேரம் ஓட்டினாள்.
இரண்டாவது குழந்தைக்கோ
மார்ச்சில் பிறக்கத் தோன்றிவிட்டது.
மார்ச்சில் ட்யூலூத் நகராட்சி தருவது
நான்கே நாள் விடுப்பு.

மூன்று நாள் தள்ளிப்போட்டுத்தான் போன் செய்தாள்.
சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்திருந்தாள்,
முதல் வரியிலேயே மன்னிப்புக் கேட்டு.
அதைப் படிக்க வேண்டியே வரவில்லை.
"பக்கத்து இருக்கையும் சேர்த்துப் போடட்டுமா?"
காப்பிக்குச் சர்க்கரை எத்தனை என்கிற குரலில்
கேட்டது மறுமுனை.

என் மொழியில் 'இரு' என்றால் உட்கார்.
பொறு என்றும் பொருள். போகாதே என்றும்.
உயிரோடு இரு என்றும்.
இரண்டு என்றும்.
மார்லிஸுக்கு இதெல்லாம் தெரியாது.
அவள் கையில் இருந்தவை 14A, 14B,
இரண்டு சீட்டிலும் அவள் பெயர்.

மினியாபோலிஸில் முதல் ஆளாக ஏறினாள்.
ஒஸ்வால்டோ என்று மார்பில் பெயர் குத்திய பையன்
மீதிச் சில்லறை தருவதுபோல்
நீட்டிப்பை உள்ளங்கையில் வைத்துவிட்டு நகர்ந்தான்.
நடுக் கைப்பிடியை அவளே தூக்கினாள்.
ரயில்வே கேட் திறந்தது.

கடைசியில் வந்த 14C காரர்
குச்சிக்கால், தோல் பை, அவசரம்.
"நடுவில் யாராவது இருக்கிறார்களா?"
"இருக்கிறேன்."
அவர் காலி இடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.
சிரித்துவிட்டுப்
பையை அங்கே வைத்தார்.

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று
இதுவரை அவளைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்,
வாயால் இல்லை, முழங்கையால்.
'பரவாயில்லை' நாக்கின் நுனிவரை வந்தது.
முப்பது வருடப் பழக்கம்,
வழிவிட்டு வழிவிட்டு.

"அது என் இடம்" என்றாள்.
குரல் கொஞ்சம் உடைந்தது,
ஆனால் எல்லா எழுத்தும் வெளியே வந்துவிட்டது.
இரண்டாவது சீட்டையும் எடுத்துக் காட்டினாள்.
காட்டியிருக்க வேண்டாம் என்று பிறகு நினைத்தாள்.
பை அவர் காலடிக்குப் போனது.
அவர் முகம் சுளித்தாரா, தெரியாது.
அவள் பார்க்கவில்லை. பார்க்காததுதான் புதிது.

மேலே போனதும் தோள்கள் தாமாக இறங்கின.
இடது தொடையும் வலது தொடையும்
தத்தம் எடையோடு படுத்துக்கொண்டன.
தண்ணீர் கேட்டாள், குடித்தாள்.
வாய் திறந்து தூங்கினாள், ஒரு மணி நேரம்,
குறட்டை விட்டிருக்கலாம்.

விழித்தபோது கீழே நெப்ராஸ்கா, முழுக்க வெள்ளை.
நடுவே கறுப்பாக ஒரே ஒரு கோடு,
வளையாமல், விளிம்பு சுத்தமாக.
நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள்.
நல்ல கை. யாரோ
மூன்று மணிக்கே எழுந்திருக்கிறார்கள்.

ஒஸ்வால்டோ வண்டியைத் தள்ளி வந்தான்.
இன்னொரு கோப்பைத் தண்ணீர் கேட்டாள் மார்லிஸ்.